1950-களின் விண்வெளிப் படம் போல இன்று ஒரு குறும்படம் எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் பாணியில் எடுத்ததாகச் சொல்லி வரும் குறும்படங்கள் நிறையப் பார்க்கிறேன். கருப்பு வெள்ளை, திரை முழுக்கக் கோடும் தூசியும், கரகரவென்று ஒலி, நடிகர்கள் வேண்டுமென்றே மோசமாக நடிப்பார்கள். அரை நிமிடம் சிரிப்பு வரும், அதற்கு மேல் உட்கார முடியாது. காரணம் எளிது. 1951-இல் தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் அந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை, அவருக்குக் கிடைத்தது புதுப் பிரின்ட், சுத்தமான படம், நல்ல ஒலி. கோடும் தூசியும் பிற்பாடு தேய்ந்துபோன பிரதிகளில் வந்து சேர்ந்தவை. அந்த நடிகர்களும் யாரையும் சிரிக்க வைக்க நடிக்கவில்லை, பறக்கும் தட்டு நிஜமாகவே வந்து இறங்கியிருக்கிறது என்று நம்பித்தான் நடித்தார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: பழசாகிப்போன பிரின்ட்டை நகலெடுக்காதீர்கள், அந்தப் படங்களை எடுத்தவர்கள் வேலை செய்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த இருபது சொச்சம் வருடங்களில் இந்தப் பாணியில் வந்து மனதில் நின்ற படங்கள் எல்லாம் அப்படித்தான் செய்திருக்கின்றன. கையில் ஒரு நல்ல போன், ஒரு ட்ரைபாட், மூன்று நான்கு நண்பர்கள் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள்

'பழைய படம்' என்று ஒரு காலம் கிடையாது. ஜெர்மனியில் 1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' ஒரு உலகம், அமெரிக்காவின் 1951 வேறொரு உலகம், ஜப்பானில் 1954-இல் 'காட்ஸில்லா' தொடங்கி வைத்த மாடல் நகரமும் ரப்பர் உடையும் இன்னொன்று, 1970-களின் அமைதியான, தனிமையான விண்கலப் படங்கள் மற்றொன்று. எல்லாவற்றையும் கலந்து அடித்தால் எதுவும் நிற்காது.

2005-இல் வந்த 'தி கால் ஆஃப் க்துலு' இதற்கு நல்ல பாடம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் அந்தக் கதை 1928-இல் அச்சில் வந்தது. அதே காலத்தில் யாராவது அதைப் படமாக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஆண்ட்ரூ லெமனும் குழுவினரும் யோசித்து, வசனமே இல்லாமல், எழுத்து அட்டைகளோடு, 47 நிமிட மௌனப் படமாக எடுத்தார்கள். எடுத்தது டிஜிட்டல் வீடியோவில்தான். ஆனால் முடிவுகள் எல்லாம் 1920-களின் முடிவுகள்.

நீங்களும் ஸ்கிரிப்ட்டின் முதல் பக்கத்தில் ஒரு வருடத்தை எழுதிவிடுங்கள். 1952 என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் படப்பிடிப்பில் எழும் பாதிக் கேள்விகளுக்கு அந்த எண்ணே பதில் சொல்லிவிடும். டிரோன் ஷாட் வைக்கலாமா? 1952-இல் படமெடுக்கும் டிரோன் இல்லை. கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி)? இல்லை. அவ்வளவுதான்.

படி 2: ஜோடி ஜோடியாகப் பாருங்கள்

ஒரு பழைய படம், அதன் வழியில் வந்த ஒரு புதிய படம் என்று அடுத்தடுத்துப் பார்த்தால், எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பது தானாகப் புரியும். 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' (1956) பார்த்துவிட்டு 'தி லாஸ்ட் ஸ்கெலிட்டன் ஆஃப் கடாவ்ரா' (2001) பாருங்கள். இரண்டிலும் லாஸ் ஏஞ்சலஸின் பிரான்சன் கேன்யன் வருகிறது. ஹாலிவுட்டில் காசு இல்லாத தயாரிப்பாளர்கள் எல்லாம் வேற்றுக்கிரகமாகவும் பாலைவனமாகவும் காட்டிய அதே பாறை இடுக்கு. 1970-களின் பாணி பிடிக்கும் என்றால் டங்கன் ஜோன்ஸின் 'மூன்' (2009). சுமார் 50 லட்சம் டாலரில், ஷெப்பர்டன் ஸ்டுடியோவில், நிலாவில் ஓடும் வண்டிகளை மாடலாகச் செய்து எடுத்தார்கள். 1979-இல் 'ஏலியன்' படத்துக்கு மாடல் செய்த பில் பியர்சன் இதிலும் வேலை செய்தார். ஜப்பானிய வகைக்கு 1966-இன் 'அல்ட்ராமேன்' தொடரையும் 2022-இன் 'ஷின் அல்ட்ராமேன்' படத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பார்க்கும்போது நோட்டில் எழுத வேண்டியவை: ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது, கேமரா எப்போது நகர்கிறது, அரக்கன் முதன்முதலில் எந்த நிமிடத்தில் முழுதாகத் தெரிகிறான். மூன்றாவதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

படி 3: கதை சின்னதாக இருக்கட்டும், பயம் ஒன்றாக இருக்கட்டும்

அந்தக் காலக் கதைகளுக்கு ஒரே வரியில் சொல்லக்கூடிய எலும்பு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவர்தானா? எறும்பு வீடளவு வளர்ந்தால்? நம்மூரிலும் உதாரணம் உண்டு. 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'. கலை வளராத ஒரு கோளிலிருந்து ஆள் வந்து, பாட்டும் நடனமும் கற்றுத்தரப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கடத்திப் போகிறார்கள். பாடத் தெரிந்தவளைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் அந்த வேற்றுக்கிரகவாசிகளின் தேவை. எவ்வளவு தெளிவான, எவ்வளவு நம்முடைய கதை! பத்து நிமிடக் குறும்படத்துக்கு இப்படி ஒரு தேவை போதும்.

இடமும் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். 'தி வாஸ்ட் ஆஃப் நைட்' (2019) படத்தை ஆண்ட்ரூ பேட்டர்சன் சுமார் 7 லட்சம் டாலரில் எடுத்தார். 1950-களின் நியூ மெக்ஸிகோவில் ஒரு சிற்றூர், ஓர் இரவு. டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்க்கும் பெண் சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லைனில் விநோதமான ஒரு ஒலி வருகிறது. அவள் ஒரு இணைப்பைப் பிடுங்கி இன்னொன்றில் செருகுகிறாள், யாரையோ கேட்கிறாள், காத்திருக்கிறாள், மறுபடி அந்த ஒலியைக் கேட்கிறாள். பல நிமிடங்களுக்கு வெட்டே இல்லை, கேமரா அவள் முகத்தை விட்டு விலகுவதில்லை. விண்கலம் இல்லை, அரக்கன் இல்லை, ஒரு பெண் காது கொடுத்துக் கேட்கிறாள், நமக்கு முதுகு சில்லிடுகிறது. அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு மேசை, ஒரு நல்ல நடிகை, ஒழுங்காக எழுதிய வசனம். இதை உங்களாலும் எடுக்க முடியும்.

படி 4: ஃப்ரேமும் கேமராவும்

1953 வரை ஹாலிவுட்டில் கிட்டத்தட்ட எல்லாப் படமும் 1.37-க்கு 1 என்ற அளவு. அகலத்திரை அதற்குப் பிறகுதான் பரவியது. போனில் 4:3 வைத்தால் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். முகத்துக்கும் உயரமான ராக்கெட்டுக்கும் இந்தச் சதுரம் அருமையாகப் பொருந்தும். வெஸ் ஆண்டர்சன் 'ஆஸ்டராய்டு சிட்டி'யில் (2023) தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பகுதிகளைக் கருப்பு வெள்ளையில் இந்தச் சதுரத்திலும், பாலைவனப் பகுதிகளைக் கலரில் அகலத்திலும் வைத்ததைக் கவனியுங்கள். எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று ஃப்ரேமே சொல்லிவிடுகிறது.

விநாடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ஷட்டரில் விளக்கு மினுக்குவதும் இருக்காது. போனில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன், எச்டிஆர், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போனின் சாதாரண லென்ஸ் ரொம்ப அகலம், மூக்கு பெரிதாகத் தெரியும். 2 எக்ஸ் லென்ஸ் இருந்தால் முகங்களுக்கு அதுதான் சரி. கேமரா ட்ரைபாட்டில் இருக்கட்டும், நகர வேண்டும் என்றால் நேர்கோட்டில், மெதுவாக. ட்ராலி இல்லாவிட்டால் சக்கர நாற்காலி, தரை மட்டும் வழுவழுப்பாக இருக்க வேண்டும். முதலில் எல்லோரும் தெரியும் ஒரு மாஸ்டர் ஷாட், அப்புறம் இருவர், அப்புறம் குளோசப். இந்த வரிசையை மீறாமல் எடுத்தாலே பாதிப் பழைய வாசனை வந்துவிடும்.

படி 5: லைட்டிங்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இன்று நாம் பயன்படுத்தும் எல்இடி பேனல், சாஃப்ட்பாக்ஸ் எல்லாம் நிழலை அழிக்க வந்தவை. 1950-களின் படங்களுக்கு நிழல் வேண்டும், அதுவும் கத்தி வெட்டியது போல. துணி, டிஃபியூஷன் எதுவும் இல்லாமல் ஒற்றை விளக்கை ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், பின்னாலிருந்து இன்னொன்று தலைமுடி ஓரத்தில் விழட்டும். பயக் காட்சியில் கண்கள் மேல் மட்டும் ஒரு பட்டை வெளிச்சம் வேண்டும் என்றால், அட்டையில் ஒரு நீளக் கீற்று வெட்டி விளக்கின் முன்னால் பிடித்தால் போதும்.

கருப்பு வெள்ளையில் எடுப்பதானால் உடைகளை முதலிலேயே சோதியுங்கள். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் நேரில் பளிச்சென்று பிரியும், கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் ஆகிவிடலாம். படப்பிடிப்பைக் கலரில் செய்யுங்கள், எடிட்டிங்கில் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நீலத்தைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினால் வானம் கறுத்து மேகம் வெள்ளையாக எழும். அந்தக் காலத்தில் லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்தது இதைத்தான். பகலில் எடுத்து இரவாகக் காட்டுவதும் இப்படித்தான், எக்ஸ்போஷரையும் இறக்கிக்கொண்டு.

படி 6: மினியேச்சர்

என் மனசுக்கு நெருக்கமான இடம் இது, ஆகவே கொஞ்சம் நீளமாகவே போகிறேன்.

மாடல் ஏன் மாடலாகத் தெரிகிறது? வண்ணம் சரியில்லாததால் அல்ல, அசைவு வேகமாக இருப்பதால். 25 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து விழும் கல் தரையைத் தொட சுமார் 2.3 விநாடி ஆகும். அந்தக் கோபுரத்தை 25-இல் ஒரு பங்காக, 1 மீட்டர் மாடலாகச் செய்தால், அதன் உச்சியிலிருந்து கல் 0.45 விநாடியில் விழுந்துவிடும். ஐந்து மடங்கு வேகம். கண் இதைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிடும். அதனால் ஐந்து மடங்கு மெதுவாக்க வேண்டும்: 24-ஐ 5-ஆல் பெருக்கினால் 120 ஃப்ரேம், விநாடிக்கு 120 வீதம் எடுத்து 24-இல் ஓட்ட வேண்டும். கணக்கு இதுதான், மாடல் எத்தனை மடங்கு சின்னதோ அதன் வர்க்கமூலத்தால் ஃப்ரேம் எண்ணிக்கையைப் பெருக்குங்கள். 16-இல் ஒரு பங்கு என்றால் 4 மடங்கு, 96 ஃப்ரேம். 64-இல் ஒரு பங்கு பொம்மைக் கார் என்றால் 8 மடங்கு, 192. உங்கள் போனில் 120-உம் 240-உம் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. கடையில் கிடைக்கும் 24-இல் ஒரு பங்கு கார்கள் 120-க்குக் கிட்டத்தட்ட கச்சிதம்.

அடுத்தது கேமரா உயரம். 25-இல் ஒரு பங்கு ஊரில் நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து சுமார் 6 சென்டிமீட்டரில் இருக்கும். கேமராவும் அங்கேதான் இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் லென்ஸ் தரையோடு தரையாக வந்துவிடும், எடிட்டிங்கில் படத்தை நிமிர்த்திக்கொள்ளலாம். மேலிருந்து பார்த்தால் உடனே பொம்மை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, வெளிச்சம். மாடலில் முன்னாலும் பின்னாலும் எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும், பின்னணி மங்கினால் சின்னது என்று காட்டிக்கொடுக்கும். இதில் போன் ஒரு வரம், அதன் சென்சார் சின்னது என்பதால் எல்லாமே ஓரளவு ஃபோகஸில் இருக்கும். பெரிய கேமரா என்றால் அப்பர்ச்சரை (லென்ஸ் துளையை) நன்றாக மூட வேண்டும். 120 ஃப்ரேமில் எடுக்கும்போது வெளிச்சமும் ஐந்து மடங்கு தேவை, வீட்டு எல்இடி விளக்குகள் மினுக்கும். ஆகவே மொட்டை மாடிதான் ஸ்டுடியோ. காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். ஒற்றைத் திசை, கூர்மையான நிழல், நிலாவுக்கு அதைவிடப் பொருத்தமான வெளிச்சம் இல்லை. நிலாத் தரைக்குச் சலித்த அடுப்புச் சாம்பல் நன்றாக வரும், பள்ளங்களுக்குச் சின்னக் கூழாங்கல்லை உயரத்திலிருந்து போட்டாலே போதும், சாம்பல் தானாக வளையமாக எழுந்து நிற்கும். பின்னால் கறுப்பு வெல்வெட் துணி, அதுதான் விண்வெளி.

தண்ணீரையும் நெருப்பையும் மாடலில் தவிர்த்துவிடுங்கள். துளியும் சுடரும் சின்னதாகாது, உடனே காட்டிக்கொடுக்கும். மூடுபனிக்குச் சாம்பிராணிப் புகை போதும், ஃபேனை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் அது கலையாமல் பரவி நிற்கும்.

பறக்கும் தட்டைத் தொங்கவிட நைலான் நரம்பு வெயிலில் மின்னும், கறுப்பு மார்க்கரால் தடவிவிடுங்கள். இன்னொரு தந்திரம், மாடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்து, எடிட்டிங்கில் திருப்பிவிட்டால் நரம்பு கீழே போய்விடும். பார்க்கிறவர் கண் மேலேதான் தேடும். 1953-இன் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய் எந்திரங்கள் கம்பியில்தான் தொங்கின, பிற்காலப் பிரதிகளில் அந்தக் கம்பிகள் அப்பட்டமாகத் தெரிந்தன. அதனால் அந்தப் படத்தின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நடிகர்களையும் மாடலையும் ஒரே ஷாட்டில் வைக்க வேண்டுமா? மாடலைக் கேமராவுக்கு நெருக்கமாக வைத்து, நடிகரைத் தூரத்தில் நிறுத்தி, இரண்டும் ஒரே தரையில் நிற்பது போல ஓரத்தைச் சேர்த்துவிடுங்கள். கேமரா அசையக் கூடாது. இதையே பின்னணியிலும் செய்யலாம். ஸ்பெயினில் சின்சோன் ஊருக்கு அருகே வெட்டவெளியில் போட்ட 'ஆஸ்டராய்டு சிட்டி' செட்டில் தூரத்து மலைகள் அப்படிக் கண்ணை ஏமாற்றக் கட்டப்பட்டவை.

படி 7: அரக்கன்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் சேர்ந்து 'தி ஜங்கிள்' (1952) என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் வரும் ராட்சத மாமத்துகள் (அழிந்துபோன மயிர் அடர்ந்த யானை இனம்) வேறொன்றுமில்லை, மயிர் போர்த்திய நிஜ யானைகள்தான். கையில் இருப்பதை வைத்து வேலையை முடிப்பது என்றால் இதுதான். 'காட்ஸில்லா'விலும் அதன் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயாவுக்கு ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) செய்யத்தான் ஆசை, நேரமும் பணமும் இடம்கொடுக்கவில்லை, ஆளுக்கு ரப்பர் உடை மாட்டினார்கள். அதுவே ஒரு மரபாகி, 'ஷின் அல்ட்ராமேன்' கம்ப்யூட்டரில் உருவம் செய்தபோதும் 1966-இல் அல்ட்ராமேன் உடைக்குள் இருந்த நடிகர் 'பின் ஃபுருயா'வையே அசைவுப் பதிவுக்கு அழைத்தார்கள். உடைக்குள் ஒரு மனிதன் இருக்கும் அந்த அசைவை அவர்கள் இழக்க விரும்பவில்லை.

ஸ்டாப் மோஷன் செய்வதென்றால் ஒரு நிலைக்கு இரண்டு ஃப்ரேம் வீதம், விநாடிக்கு 12 படம். பத்து விநாடிக்கு 120 படம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள், ஜன்னலையும் மூடிவிடுங்கள், மேகம் போனால் கூட மினுக்கும். முழு உருவத்தைப் படத்தின் கடைசிக் கால்பங்கில்தான் காட்ட வேண்டும், அதுவரை நிழல், கை, கதவு அதிர்வு. படி 2-இல் குறித்து வைத்த நிமிடக் கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள்.

படி 8: நடிப்பு

நடிகர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: இது நிஜம். கண்ணடிக்கக் கூடாது, குரலில் கிண்டல் கூடாது. 'கடாவ்ரா' நகைச்சுவைப் படம்தான், ஆனாலும் அதில் யாரும் தான் பேசும் அபத்தமான வசனத்தைப் பார்த்துத் தானே சிரிப்பதில்லை, அதனால்தான் அது வேலை செய்கிறது. பேச்சு வேகத்துக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அதே வருடத்துத் தமிழ்ப் படம் ஒன்றைப் பாருங்கள். நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் வாக்கியத்தை முழுசாக, கடைசி எழுத்து வரை உச்சரிப்பார்கள். அந்த உச்சரிப்பை எடுத்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஒலி

படத்துக்குச் செலவழித்த நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுங்கள். 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெரமின் (தொடாமல், கையைக் காற்றில் அசைத்து வாசிக்கும் மின்னணு வாத்தியம்) வைத்து இசையமைத்தார், அன்றிலிருந்து பறக்கும் தட்டு என்றாலே அந்த ஊளைதான் காதில் கேட்கிறது. தெரமின் இல்லாவிட்டால் பரவாயில்லை, எந்த இலவச சிந்தசைசர் ஆப்பிலும் ஒரு சைன் அலையை எடுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்படி வைத்து, விநாடிக்கு ஐந்தாறு முறை நடுங்கும் வைப்ரேட்டோ சேர்த்தால் மிக நெருங்கி வரும். 'ஃபார்பிடன் பிளானட்' (1956) படத்துக்கு லூயிஸ், பெபே பேரன் தம்பதி தாங்களே மின்சுற்றுகள் கட்டி, அவை எழுப்பிய ஒலியை டேப்பில் பதிந்து, வேகத்தை மாற்றி, திருப்பி ஓட்டி முழுப் படத்துக்கும் இசை செய்தார்கள்.

சவுண்ட் எஃபெக்ட்ஸையும் நீங்களே செய்யுங்கள். காட்ஸில்லாவின் கர்ஜனை, டபுள் பாஸ் தந்தியைத் தோல் கையுறையால் தேய்த்து எடுத்து மெதுவாக்கியது. நீளமான ஸ்பிரிங் பொம்மையின் ஒரு நுனியைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஒட்டி, டம்ளருக்குள் மைக் வைத்து, மறுநுனியை ஸ்பூனால் தட்டிப் பாருங்கள், லேசர் துப்பாக்கி கிடைக்கும்.

கடைசியில் மிக்ஸ் செய்யும்போது எல்லாவற்றையும் மோனோ (ஒற்றைத் தட ஒலி) ஆக்குங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள், 2 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறங்கி 8-இல் கிட்டத்தட்ட இல்லாமல் போகட்டும். அந்தக் காலத் தியேட்டர்கள் ஏறக்குறைய அப்படித்தான் ஒலித்தன. கரகரப்பைச் செயற்கையாகச் சேர்க்க வேண்டாம்.

படி 10: எடிட்டிங், டைட்டில், கடைசி வேலைகள்

ஷாட் நிற்கட்டும். நேரம் கடந்தது என்று காட்ட டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுவது), அத்தியாயம் முடிந்தது என்றால் கறுப்புக்குப் போங்கள். கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) லேசாக, முகத்தில் தெரிந்தும் தெரியாமலும். வெளிச்சம் கசிந்து மிளிரும் தோற்றம் வேண்டுமானால் பழைய கேமராமேன்கள் செய்தது போல லென்ஸ் முன்னால் மெல்லிய ஸ்டாக்கிங் துணியை இழுத்துக் கட்டி எடுக்கலாம், ஆனால் இதை எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

பெயர்கள் எல்லாம் படத்தின் தொடக்கத்திலேயே வர வேண்டும், கையால் எழுதிய எழுத்து என்றால் இன்னும் நல்லது. அட்டையில் வரைந்து, போனில் படமெடுத்து, மேலே ஓட்டிவிடுங்கள். முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடக் கூடாது, 'வணக்கம்' என்று ஒரே அட்டை. ஏற்றும்போது 24 ஃப்ரேமிலேயே வையுங்கள், இரண்டு பக்கமும் வரும் கறுப்புப் பட்டையை நிரப்ப மங்கலான பின்னணி எதையும் போடாதீர்கள், மோனோ ஒலி இரண்டு ஸ்பீக்கரிலும் வருகிறதா என்று ஹெட்போனில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பதிவேற்றுங்கள்.